முன்னாலேயே எழுதிய காகிதங்கள்

"இங்கிலீஷ் கத்துக்கினு வந்து யாராண்ட பேசப் போவுது? குழியில ஊறுற தோலாண்டயா?"

நான் முதல் தடவையாகத் தகரப் பெட்டியோடு வேலூருக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று, ஆம்பூர் ரயிலடியில் மேஸ்திரி என் நைனாவிடம் கேட்டது இது. என்னிடம் கேட்கவில்லை. நான் அங்கே நிற்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. சென்னைக்குப் போகும் தோல் கட்டுகளைக் கூட்ஸ் வண்டியில் ஏற்றுவதற்காக ஆட்களுடன் வந்திருந்தார். என் பெட்டியை ஒரு பார்வை, என் புதுப் பாவாடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு இதைச் சொன்னார். ஆட்கள் சிரித்தார்கள். நைனாவும் கொஞ்சம் சிரித்தார். மேஸ்திரி சொன்னதற்குச் சிரிக்காமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. நான் மட்டும் சிரிக்கவில்லை. வண்டி குடியாத்தம் தாண்டும் வரைக்கும் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களை ஒன்றன் பின் ஒன்றாக மனத்துக்குள் செய்துகொண்டே போனேன். எல்லாம் நல்ல பதில்கள். ஒன்றும் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் தோல் ஷாப்பு என்பார்கள். பாலாற்றை ஒட்டி இருந்த ஒரு ஷாப்பில் நைனா சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தார். தோலிலிருந்து சுரண்டி எடுத்த மயிரை அலசிக் காயப்போடும் பெண்களோடு அம்மா உட்கார்ந்திருப்பாள். அந்த ஷாப்பு முழுவதும் மேஸ்திரியின் கைக்குள் இருந்தது. முதலாளி நல்ல மனிதர். தொழுகைக்குப் போகும் வழியில் ஒருமுறை, திரும்பும் வழியில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் மேஸ்திரி சொன்னதுதான். குழித் தண்ணீரை உள்ளங்கையில் எடுத்து மோந்து பார்த்தே இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஆவாரம் பட்டை போட்ட தண்ணீரில் ஊறி ஊறி அவருடைய இரண்டு கைகளும் முழங்கை வரை செம்பழுப்பாக இருக்கும். அதற்கு மேலே வேறொரு மனிதரின் தோல் மாதிரி வெளுத்திருக்கும். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். இங்கிலீஷில் பெரிய எழுத்துகள் மட்டும் தெரியும். தோல் கட்டுகளின் மேல் அச்சுத் தகடு வைத்து மை பூசிக் குறி போட்டுப் போட்டு வந்த பழக்கம் அது. அந்த எழுத்துகள் சேர்ந்து சொல்லாகும் என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பேனா பிடித்தவர் ஒருவரும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாகவே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் நான் கற்றுக்கொண்ட ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக்குள் முதல் தடவையாக நுழைந்தது. அப்படி நுழைந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, இங்கிலீஷில் நடந்து முடிந்ததைச் சொல்லும் விதம்.

தமிழில் அதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. நட என்றால் நடந்தான், போ என்றால் போனான், சாப்பிடு என்றால் சாப்பிட்டான். ஒவ்வொரு சொல்லும் தன் வழியில் திரும்பிக்கொள்கிறது, நாமும் தாய்மடியிலிருந்தே அதன் பின்னால் போய்விடுகிறோம். எங்கள் ஆசிரியை கரும்பலகையில் 'வாஷ்' என்று எழுதி, அதன் கடைசியில் இ, டி என்ற இரண்டு எழுத்தை மட்டும் சேர்த்து, "இப்போது இது நேற்று நடந்ததாகிவிட்டது" என்றார். பிறகு வேறொரு சொல், அதற்கும் அதே இரண்டு எழுத்து. இன்னொன்று, அதற்கும் அதேதான். சில சொற்கள் இந்த வழிக்கு வராது, அவற்றை அப்புறம் பார்க்கலாம் என்றார். வராதவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒரே வாலை ஒட்டினால் நூற்றுக்கணக்கான வேலைகள் முடிந்துபோகின்றன என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. எங்கள் வீட்டில் எந்த வேலையும் அவ்வளவு சுலபத்தில் முடிந்ததில்லை.

நான் நாலாம் பாரம் முடித்து வந்த கோடை விடுமுறையில் மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வருவது அதுவே முதல் தடவை. உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தவர் மாதிரி காலை மாற்றி மாற்றி வைத்தார். அம்மா பயந்துபோய் மணையை எடுத்துப் போட்டாள்.

விஷயம் இதுதான். எங்கள் ஷாப்பின் தோலை வாங்கிக் கப்பலேற்றும் சென்னைக் கம்பெனி, நாள்தோறும் ஒரு காகிதம் கேட்டது. அன்றைக்கு எந்தத் தோலுக்கு என்ன வேலை நடந்தது என்று இங்கிலீஷில் எழுதி ரயில் தபாலில் அனுப்ப வேண்டும். அதுவரை எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். காகிதம் நின்றால் தங்கள் ஆள் ஒருவரையே மேற்பார்வைக்கு அனுப்பிவிடுவதாகக் கம்பெனி எழுதியிருந்தது. அவர் வந்தால் பேனா அவர் கையில் இருக்கும். பேனா யார் கையில் இருக்கிறதோ, ஷாப்பும் கொஞ்ச நாளில் அவர் கைக்குப் போய்விடும். மேஸ்திரி ஐம்பதைத் தாண்டிய வயதில் மறுபடியும் குழிக்குள் இறங்க வேண்டியிருக்கும். ஆகவே முதலாளியிடம், காகிதத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். இதில் பாதியை அவர் சொன்னார். மீதியை நைனா பிறகு சொன்னார்.

"நாலு வரிதான்மே. உனுக்கு இன்னா, சோறு துன்னுற நேரத்துல எழுதிடுவே" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

எழுதினேன். எனக்குப் பதினைந்து வயது. எங்கள் ஊரிலிருந்து என் எழுத்து சென்னைக்குப் போகிறது என்று நினைக்கவே நெஞ்சு நிமிர்ந்தது. அதைவிட ஆச்சரியம், ஷாப்பின் வேலைகள் எல்லாம் அந்த இரண்டு எழுத்து வாலுக்கு அடங்கியவையாகவே இருந்தன. தோலை ஊறவைத்தார்கள், சுண்ணாம்பிட்டார்கள், சுரண்டினார்கள், அலசினார்கள், பட்டை போட்டுப் பதனிட்டார்கள், எண்ணெய் தடவினார்கள், உலர்த்தினார்கள், ஓரம் நறுக்கினார்கள், தரம் பிரித்தார்கள், கட்டினார்கள். சோக், லைம், ஸ்கிரேப், வாஷ், டான், ஆயில், டிரை, டிரிம், சார்ட், பேக். இ, டி; இ, டி. ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. எங்கள் ஆசிரியை எனக்காகவே நடத்திய பாடத்தை எங்கள் ஷாப்பு எனக்காகவே செய்துகாட்டுவது போலிருந்தது.

விடுமுறை முடியும் சமயத்தில் என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. நான் வேலூருக்குப் போய்விட்டால் யார் எழுதுவது? மேஸ்திரி ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் இரண்டு நாளாக எங்கள் தெரு வழியாகவே நடந்துகொண்டிருந்தார். எனக்குத்தான் யோசனை தோன்றியது. இன்று நினைத்தாலும் காது சூடாகிற யோசனை. ஊறப்போட்ட நாளிலிருந்து கட்டு கட்டும் நாள் வரைக்கும் எந்தெந்த வேலைக்கு எத்தனை எத்தனை நாள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். விரல் விட்டுச் சொன்னார். "வண்டி நேரத்துக்கு வந்தா, வானம் சும்மா இருந்தா" என்று முடிவில் சேர்த்தார். அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. உட்கார்ந்து, அப்போது புதிதாக ஊறப்போட்டிருந்த தோல்களுக்கு இனி நடக்கப்போகும் அத்தனை வேலைகளையும் நாளுக்கு ஒரு காகிதமாக, தேதி போட்டு, நடந்து முடிந்தவையாக எழுதி அடுக்கினேன். ஒரே வேலை பல நாள் நீடித்தால் அதே சொல் பல காகிதங்களில். முதலாவது மேலே, கடைசி அடியில். நூலால் கட்டி மேஸ்திரியிடம் கொடுத்தேன். தினமும் மேலே இருப்பதை உருவி அனுப்பினால் போதும் என்றேன்.

அவர் கட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "எல்லாம் ஆச்சின்னு எழுதிட்டியா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். ஒரு லாட்டு, அதாவது ஒருசேர ஊறப்போட்ட தோல் குவியல், குழிக்குள் இருக்கும்போது அது ஆயிற்று என்று ஷாப்பில் யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். மேஸ்திரி கழுத்துப் பக்கமாக ஒரு ஓரத்தைக் கத்தியால் அறுத்து, அறுத்த வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உள்ளே நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் பட்டை இன்னும் உள்ளே போகவில்லை. கோடு இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால்தான் அவர் 'ஆச்சி' என்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல உரிமை. இது எனக்குத் தெரியாததல்ல. நைனா வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அது ஷாப்பு, இது பாடம் என்று நினைத்துவிட்டேன்.

நான் பள்ளிக்குத் திரும்பிய சில வாரங்களில் ஜவ்வாது மலைப் பக்கம் பருவம் தவறிய மழை பெய்து, ஓடைகள் பெருகி, ஆவாரம் பட்டை ஏற்றிய வண்டிகள் வழியிலேயே நின்றுவிட்டன. புதுப் பட்டை இல்லாமல் தோல்கள் பழைய தண்ணீரிலேயே கிடந்தன. இது எந்த ஷாப்புக்கும் நேர்வதுதான். மேஸ்திரி கலங்கவில்லை, காத்திருந்தார். ஆனால் காகிதங்கள் காத்திருக்கவில்லை. எதில் என்ன இருக்கிறது என்று அவரால் படிக்க முடியாது, நிறுத்தினால் கம்பெனி ஆள் வந்துவிடுவார். நாளுக்கு ஒன்றாக அவர் கையாலேயே, ஒழுங்காக, ஒரு நாள் தவறாமல் சென்னைக்குப் போயின. பதனிட்டாயிற்று, எண்ணெய் தடவியாயிற்று, உலர்த்தியாயிற்று, ஓரம் நறுக்கியாயிற்று, கட்டியாயிற்று. கம்பெனி கப்பலில் இடம் பிடித்துவிட்டது. கட்டுகள் வந்து சேராததால் அங்கிருந்து ஒருவர் கிளம்பி நேரில் வந்தார். கட்டிவிட்டதாகக் காகிதத்தில் இருந்த தோல்கள் அத்தனையும் குழிக்குள் இருந்தன. அவரே ஒன்றை வெளியே இழுக்கச் சொல்லி, கத்தியை வாங்கி ஓரத்தை அறுத்துப் பார்த்தார். நடுவில் அகலமாக வெள்ளை.

நைனா பள்ளிக்கூடத்துக்கு வந்து, பார்வையாளர் நாளில் மரத்தடியில் உட்கார்ந்து இதைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் செருப்பு வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை யார் எழுதியது என்று எல்லார் முன்னிலும் கேட்டிருக்கிறார்கள். மேஸ்திரி "நாந்தான்" என்றிருக்கிறார். பொய்க் காகிதம் அனுப்பினாயா என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். அடுத்த மாத முதல் தேதியிலிருந்து கம்பெனி ஆள் வந்து உட்காரப் போகிறார் என்று பேச்சு.

"எம் பேரைச் சொல்லியிருக்கலாமே நைனா, ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"அது படிக்கிற புள்ள, அதை எதுக்கு இதுல இழுக்கணும்னாரு" என்றார் நைனா.

ஒரு பொம்பளைப் பிள்ளையை வைத்து எழுதினேன் என்று சொல்ல அவருக்கு வெட்கமாகவும் இருந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும். எதுவானாலும், நான் எழுதியதற்கு அவர் தலை குனிந்து நின்றார் என்பது எனக்குத் தாங்கவில்லை. தலைமை ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தார். மாதப் பரீட்சையில் எனக்குச் சுழி போடப்படும் என்பதையும் அதே குரலில் சொன்னார்.

மறுநாள் நைனாவுடன் முதலாளி முன்னால் போய் நின்றேன். மேஸ்திரியும் அங்கே இருந்தார். நான் வாய் திறப்பதற்குள் வேண்டாம் என்பதுபோல் அவர் கையை அசைத்தார். சொல்லிவிட்டேன். இங்கே இன்னும் நடக்காத வேலைகளை நடந்து முடிந்ததாக நான் எழுதிக் கொடுத்தேன், எந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது என்றேன். முதலாளி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தக் காகிதங்களில் ஒன்றை எடுத்து மேலும் கீழும் பார்த்தார்.

"எழுத்து ரொம்ப அழகா இருக்கு பேட்டி" என்று, மகளே என்பதை உருதுவில் வைத்துச் சொன்னார். "அதனாலதான் அவங்க நம்பிட்டாங்க."

அதைவிட அவர் திட்டியிருக்கலாம்.

தன்னால் ஆனதை முதலாளி சொன்னார். வருகிற சனிக்கிழமை கம்பெனிக்காரர் மறுபடி வருகிறார். அவர் கண் முன்னால் மேஸ்திரி அன்றைய காகிதத்தைத் தன் கையால் எழுதிக் காட்டினால் தான் பேசிப் பார்ப்பதாகவும், இல்லாவிட்டால் தன் கையில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். வெளியே வந்ததும் மேஸ்திரி என்னைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். பட்டைக் கொட்டகை வரை போய் நின்று திரும்பி, "இன்னும் எத்தினி நாள் கீது?" என்று கேட்டார். ஆறு என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் பட்டைக் கொட்டகையில் அவரும் நானும் உட்காருவோம். நைனா வாசலில் நிற்பார், யாரும் எட்டிப் பார்க்காமல் இருக்க. ஆனாலும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மேஸ்திரிக்கு நான் பாடம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதை நினைத்து நினைத்து முதல் நாள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவருக்கு அந்தச் சங்கடமே இல்லை. புதுக் கத்தியின் முனையைச் சோதிப்பதுபோல் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய எழுத்துகள் அவருக்கு ஏற்கெனவே வரும் என்பதால் எல்லாச் சொற்களையும் பெரிய எழுத்திலேயே எழுதினோம். கட்டின் மேல் குறி போடுவதுபோல் ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார்.

வேலையின் பேரை எழுதி, அந்த வேலை முடிந்திருந்தால் இ, டி சேர்க்க வேண்டும் என்பதை அவர் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். சங்கடம் அடுத்த நாள் ஆரம்பித்தது. 'லைம்' என்ற சொல்லின் கடைசியில் இ என்ற எழுத்து ஏற்கெனவே இருப்பதால் டி மட்டும் போட வேண்டும் என்றேன். கொஞ்சம் யோசித்து, "குழியில சுண்ணாம்பு முன்னயே இருந்தா மறுபடி எதுக்குக் கொட்டணும், சரிதான்" என்றார். 'டான்' என்பதில் என் என்ற எழுத்து இரட்டிக்கும் என்றேன். குறுகிய ஓசைக்குப் பின்னால் ஒற்றை எழுத்து வந்தால் அப்படி என்று எங்கள் ஆசிரியை சொன்னதைச் சொன்னேன். ஓசை அவருக்குப் பிடிபடவில்லை. "நாம பட்டை ரெண்டு தபா போடுறோம், அதான் ரெண்டு" என்று தானே தீர்த்துக்கொண்டார். 'டிரிம்' என்பதிலும் எம் இரட்டிக்கும் என்றபோது, தோலுக்கு இரண்டு பக்கமும் ஓரம் நறுக்குவதுதானே என்றார். 'டிரை' என்பதில் கடைசியில் இருக்கும் ஒய் போய் ஐ வந்து, அப்புறம்தான் இ, டி வரும் என்றதும் நான் எழுதிக்காட்டியதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஒய் எழுத்தின் கிளைகளை நகத்தால் தடவினார்.

"காஞ்சா சுருங்கத்தான் செய்யும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. விளையாட்டாக அவர் சொல்லவில்லை. அந்த ஆறு நாளில் அவர் சொன்னதை எல்லாம் பிற்காலத்தில் நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். வேறு காரணம் சொல்லிப் புரியவைக்க முடியாத பிள்ளைகளுக்கு அவை புரிந்திருக்கின்றன.

வாயால் சொல்வதுதான் அவருக்கு வரவே இல்லை. 'வாஷ்ட்' என்று சொல்லச் சொன்னால் 'வாஷெட்' என்பார். 'லைமெட்', 'ஆயிலெட்'. ஒவ்வொரு சொல்லுக்கும் முடிவில் ஆணி அடிப்பதுபோல் ஓர் 'எட்'. எட்டிப் பார்த்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டே நாளில் ஷாப்பு முழுக்க எட் ஆகிவிட்டது. பீடி குடிச்செட் என்பார்கள், கஞ்சி துன்னெட் என்பார்கள். அம்மாவோடு மயிர் அலசும் பெண்கள் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, துணி தொவைச்செட்டு, போவட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரிப்பார்கள். மேஸ்திரி காதில் விழாதது போலவே இருந்தார். வேறு நாளாக இருந்தால் ஷாப்பே அதிர்ந்திருக்கும்.

ஐந்தாம் நாள் அவர் என்னை ஒரு கேள்வி கேட்டார். இந்த இரண்டு எழுத்தைப் போட்டுவிட்டால் அப்புறம் அதை எடுக்க முடியுமா என்றார். அடித்துவிட்டு வேறு எழுதலாம் என்றேன். அதைக் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். "அறுத்த தோலு அறுத்ததுதான? அது மாதிரியா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நீ ரொம்ப சுளுவா போட்டுட்டே கண்ணு" என்றார். ஒரு மாதமாக அவர் மனத்தில் இருந்தது அவ்வளவுதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

சனிக்கிழமை கம்பெனிக்காரர் வந்தார். கறுப்புக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக முதலாளியின் அறையில் உட்கார்ந்து, மேஸ்திரியை எழுதச் சொன்னார். நான் அம்மாவோடும் மற்றப் பெண்களோடும் வெளியே ஜன்னல் பக்கம் நின்றேன். மேஸ்திரி காகிதத்தை வாங்கினார், ஆனால் உட்காரவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். முதல் குழிக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தார், இரண்டாவதற்குப் போனார், உலர்த்தும் கொட்டகைக்குப் போய்த் தோலைத் தடவினார். கடைசியாக, வண்டிகள் வந்து புதுப் பட்டை போட்டிருந்த குழியிலிருந்து ஒரு தோலை வெளியே இழுத்து, ஓரத்தை அறுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தார். இதற்கெல்லாம் நிறைய நேரம் ஆயிற்று. உள்ளே கம்பெனிக்காரர் கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். மேஸ்திரி ஓடிவிட்டார் என்று நினைத்திருப்பார். எனக்கே ஒரு கணம் அப்படித் தோன்றியது.

திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினார். அலசினார்கள், சுண்ணாம்பிட்டார்கள், உலர்த்தினார்கள், தரம் பிரித்தார்கள். பெரிய பெரிய எழுத்துகளில், ஒரு வரிக்கு ஒரு சொல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் லாட்டு எண். பட்டைக் குழியில் கிடந்த தோலுக்கு எதிரே எண்ணை மட்டும் எழுதி, சொல் எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுக் காகிதத்தை நீட்டினார். கம்பெனிக்காரர் அந்த இடத்தை விரலால் தட்டி, இது என்ன என்று கேட்டார்.

"அது இன்னும் ஆவல சார்."

"நாளைக்கு ஆயிடும் இல்ல? டான்டுன்னு போட்டுடேன். தபால் நாளைக்கு மத்தியானம்தானே எங்ககிட்ட வருது."

சோதனைக்குச் சொன்னாரா, அவசரத்தில் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். போட்டுவிட்டால் அவர் எழுதத் தெரிந்தவர் என்று நிரூபணமாகிவிடும், வேலை நிலைக்கும். ரெண்டு என், இ, டி. நான் சொல்லிக்கொடுத்தது. அவருக்குத் தெரியும்.

"நாளைக்கு ஆனா நாளைக்குப் போடுறேன் சார்" என்றார் மேஸ்திரி. மடியில் செருகி வைத்திருந்த அந்த அறுத்த துண்டை எடுத்து மேசையின் மேல் வைத்தார். "உள்ளே இன்னும் வெள்ளை கீது. நீங்களே பாருங்க."

கம்பெனிக்காரர் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எனக்கும் தெரிந்தது. மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு, முன்னே அவர் அறுத்துப் பார்த்தபோது இருந்ததாக நைனா சொன்னதில் கால்வாசிகூட இல்லை. அவர் காகிதத்தையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காகிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, இப்படியே அனுப்புங்க" என்று முதலாளியிடம் சொன்னார். புறப்படும்போது படியில் நின்று, காகிதத்தை எடுத்து மறுபடி ஒருமுறை பார்த்து, 'சார்ட்டட்' என்பதில் ஓர் எழுத்து குறைகிறது என்றார். மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பி என்னை முறைத்தார்.

முதல் தேதியில் யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு எட்டு வருஷம், கண்ணில் புரை விழும் வரை, மேஸ்திரியே எழுதினார். பல காகிதங்களில் வெற்றிடம் இருந்தது என்று நைனா சொல்வார். கம்பெனியிலிருந்து அதைப் பற்றி ஒரு கேள்வியும் வந்ததில்லை. நான் அந்த மாதப் பரீட்சையில் சுழி வாங்கினேன். வருஷ முடிவில் எப்படியோ சரிக்கட்டிப் பள்ளி இறுதியும் தேறினேன். ஆசிரியப் பயிற்சி முடித்துக் குடியாத்தத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தேன். அங்கே என்னிடம் படித்த நெசவுக்காரர் வீட்டுப் பெண்களுக்கு இ, டி சொல்லிக்கொடுக்கும்போது அவர்களுடைய தறி வேலைகளையே எடுத்துக்கொண்டேன். சாயம் தோய்த்தது, முடிச்சுப் போட்டது, மடித்தது. வழிக்கு வராத சொற்களும் தறியில் இருந்தன. நெய்வதே அதில் ஒன்று. அவற்றை அப்புறம் பார்க்கலாம் என்று நானும் சொன்னேன், எங்கள் ஆசிரியை மாதிரியே.

இந்த வருஷம் சென்னைப் பெண்கள் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டேன். இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்த அன்றே அம்மா குழாயடியில் நின்று, எங்க பொண்ணு பி.ஏ. பாஸ் பண்ணிட்டா என்று தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள், அந்தப் பக்கமாகத் தடியூன்றி வந்துகொண்டிருந்த மேஸ்திரி நின்றார். கண் சரியாகத் தெரியாததால் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"இன்னும் ரயிலே ஏறல, அதுக்குள்ள பாஸா? சும்மா கெட" என்று அம்மாவை அதட்டினார். பிறகு, நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, என் பக்கமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆகவே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பள்ளியில் வேலையை விட்டேன். நைனாவும் நானும் ஆம்பூரில் ரயில் ஏறினோம். சென்னையில் இறங்கி, விசாரித்து விசாரித்துக் கல்லூரிக்கு நடந்தோம். தகப்பனார் தொழில் என்று கேட்ட இடத்தில், தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை என்று எழுதினேன். நைனாவை ரயிலேற்றிவிட்டு வந்து விடுதி அறையில் புடவைகளை அடுக்கினேன். இன்று காலை மணி அடித்ததும், முதல் வகுப்பில், இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்தேன்.